பூட்டுப் போட்ட டிரம்

எழுத வந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அதற்குப் பிறகு என் கையால் எழுதியவை, மாதா கோயில் பூசையில் இன்னாருக்காக வேண்டச் சொல்லிச் சாமியாரிடம் கொடுக்கும் கருத்துச் சீட்டுகளும், மகள் விடுதியில் தங்கிப் படித்தபோது போட்ட கடிதங்களும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்கு வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் துணிந்திருக்கிறேன். விஷயமும் பெரியது இல்லை. ஒரு பிளாஸ்டிக் டிரம்.

போன மாதம் வத்தலக்குண்டு சாலையில் பஸ் நின்றபோது, ஒரு கடை வாசலில் நீல டிரம்களைக் கவிழ்த்து அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். எல்லாம் எங்கேயோ எதற்கோ பயன்பட்டு முடிந்து வந்தவை. வாங்க வந்த ஒருவர் டிரம்முக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அகரத்தில் இருந்து திண்டுக்கல்லுக்கு வந்திருந்தேன். நாகல் நகருக்குப் பின்னால் ஓட்டு வீடு. வீட்டின் முன்பக்கம் மாமாவின் பட்டறை. மாமா என்றால் என் மாமனார். பூட்டுச் செய்கிறவர். மாங்காய்ப் பூட்டு என்று சொல்வார்களே, அதில் அவர் கை நன்றாக இருக்கும். அத்தை, என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, நான். இவ்வளவுதான் வீட்டில். தெருவின் அடுத்த முனையில் மாமாவின் தம்பி குடியிருந்தார். அவரைச் சின்ன மாமா என்போம். அவருக்குச் சாப்பாடு மட்டும் அவர் வீட்டில், மற்ற நேரமெல்லாம் எங்கள் வீட்டில்.

அந்த வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசுகிற பழக்கம் கிடையாது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஆனால் அத்தையும் தன் மாமனாரிடம் பேசியது இல்லையாம். மாமாவுக்குச் சோறு போட்டால், "சோறு போட்ருக்குன்னு சொல்லுங்க அத்தை" என்பேன். அத்தை இரண்டடி தள்ளி நிற்பார். மாமாவும் அங்கேயேதான் நிற்பார். அத்தை திரும்பி, "சோறு போட்ருக்காம்" என்பார். அதற்குப் பிறகுதான் மாமா உட்காருவார். அத்தை வீட்டில் இல்லாவிட்டால் தட்டைக் கொஞ்சம் சத்தமாகத் தரையில் வைப்பேன். எட்டு மாதத்தில் மாமா என்னிடம் ஒரு வார்த்தை பேசியது இல்லை, நானும் பேசியது இல்லை. இது எனக்குக் கஷ்டமாக இல்லை. உண்மையைச் சொன்னால், வசதியாகத்தான் இருந்தது.

நாத்தனாருக்கு வடமதுரையில் இருந்து ஒரு இடம் வந்தது. அதற்கு முன்பு ஒரு இடம் வந்து, பேச்செல்லாம் முடிந்து, பந்திக்கு யாரையோ கூப்பிடவில்லை என்ற சின்ன விஷயத்தில் நின்றுபோயிருந்தது. அதனால் இந்த முறை எல்லோரும் பயந்து பயந்து நடந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எதைச் சொன்னாலும் முதலில் சரி என்று சொல்லிவிட வேண்டும், எப்படிச் செய்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தை எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

பேசி முடிக்க வந்த அன்று மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் வந்திருந்தார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார். அந்தக் குடும்பத்தில் முடிவு சொல்கிறவர் அவர்தான் என்று உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. காப்பி குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"எங்க வீட்டுல ஒரு பழக்கம் உண்டு. கோயில்ல தாலி மந்திரிப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும், பொண்ணு வீட்டுல போட்ட ஒயினத்தான் வந்தவுகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வாய் குடுக்கணும். கடையில வாங்குனது ஆகாது. என் கல்யாணத்துக்கு எங்கப்பா ஜாடியோட கொண்டாந்தாக."

"அதுக்கென்ன, போட்ருவோம்" என்றார் அத்தை.

"யாரு போடுவா?"

அத்தை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒயின் போட்டதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்தில் இருந்து ஒரு டம்ளர் வரும், அதைச் சின்ன மாமா குடித்துவிடுவார். நான் அடுப்படி நிலையை ஒட்டி நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த நாத்தனாரின் கால் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. அது பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"நான் போடுவேன்" என்றேன்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அதுவும் முழு உண்மை இல்லை. அகரத்தில் என் அம்மா வருடா வருடம் ஐந்து கிலோ பழத்தில் ஒயின் போடுவார். நான் பழம் கழுவிக் கொடுப்பேன், ஜாடி வாயில் துணி கட்டுவேன். நடுவில் நடப்பதெல்லாம் அம்மா கை. அம்மா இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இல்லை.

கல்யாணம் தை மாதக் கடைசியில் என்று முடிவானது. இருநூறு பேர் வருவார்கள். ஐந்து கிலோ ஜாடியில் ஆகிற காரியம் இல்லை. என் வீட்டுக்காரர் மிட்டாய் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே சோளத்தில் இருந்து எடுக்கிற சர்க்கரைப் பாகு டிரம்மில் வரும். முதலாளியிடம் கேட்டு, காலியான டிரம் ஒன்றை சைக்கிள் கேரியரில் கட்டி உருட்டிக்கொண்டே வந்து சேர்த்தார். என் இடுப்பு உயரம். நீல நிறம். அகலமான மூடி, மூடிக்குள் கறுப்பு ரப்பர். மூடியைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். அந்த வளையத்தில் இருக்கும் பிடியை மடக்கினால் மூடி இறுகிக்கொள்ளும். பிடியின் முனையில் சின்னதாக ஒரு ஓட்டை இருந்தது. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை. மாமா கவனித்திருக்கிறார்.

டிரம்மைப் பார்த்ததும் அத்தைக்கு ஒயின் மறந்துபோனது. "அம்புட்டுத் தண்ணி பிடிக்கலாம்டா இதுல" என்றார். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். லாரி வந்தால் குடங்களோடு ஓட வேண்டும். கல்யாணம் முடிந்ததும் டிரம் தண்ணீருக்குத்தான் என்று மகனிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்தார். "என்ன, தோல்ஷாப் டிரம்மா? அதுலயா ஒயினு போடப் போறீக? குடிச்சவன் தோலு பதமாயிரும்டி."

எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். தோல் பதனிடும் இடங்களில் இருந்து என்னென்னவோ மருந்து இருந்த டிரம்கள் வெளியே விலைக்கு வரும். நாலு வீடு தள்ளிப் பேச்சு போய், வடமதுரைக்கும் போய்விட்டால் என்ன ஆவது என்று அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. அடிப்பக்கம் ஒட்டியிருந்த பாகை விரலால் வழித்து நக்கிக் காட்டினார். அந்த அக்கா நம்பவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் டிரம் முழுக்க எறும்பு. நீலமே தெரியாத அளவுக்கு எறும்பு. அத்தை எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அழைத்து வந்து காட்டினார்.

"பாத்துக்க. தோல்ஷாப் டிரம்முல எறும்பு ஏறுமா?"

அதற்குப் பிறகு தெருவில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வெந்நீர் விட்டு மூன்று முறை கழுவினேன்.

சின்னாளப்பட்டிக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் இருந்து பன்னீர் திராட்சை வந்தது. மூன்று கூடை. கழுவி, வேட்டியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, கையாலேயே பிசைந்தோம். கல்யாணப் பெண்ணின் கை கறுத்துவிடும் என்று நாத்தனாரைத் தொட விடவில்லை. அவள் சும்மா இருக்க முடியாமல், "மதினி, இன்னும் நல்லா அமுக்குங்க" என்று எனக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தாள். சீனி, பட்டை, கிராம்பு, இரண்டு கை கோதுமை, பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட். அம்மா போட்டதாக நினைவில் இருந்ததையெல்லாம் பத்து மடங்காக்கிப் போட்டேன். டிரம்மில் முக்கால் பங்குக்கு நிரம்பியது.

மூடுகிற நேரம் மாமா பட்டறை வாசலுக்கு வந்து நின்றார். அத்தையைப் பார்த்துக் கேட்டார். "எப்படி மூடணுமாம்?"

இங்கேதான் நான் பிசகினேன். எங்கள் வீட்டு ஜாடிக்கு அம்மா எப்போதும் துணிதான் கட்டுவார். ஜாடிக்கு மூடி இல்லை, நான் சின்னவளாக இருந்தபோதே உடைந்துவிட்டது. மூடி இல்லாததால்தான் துணி கட்டுகிறார் என்று நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இப்போது ரப்பர் வைத்த மூடியே இருக்கிறதே.

"காத்துப் படாம மூடணும் அத்தை" என்றேன்.

"காத்துப் படாம மூடணுமாம்" என்றார் அத்தை.

மாமா தலையை ஆட்டினார். தானே வந்து பிடியை மடக்கினார். நன்றாக இறுகியது. பிடியில் இருந்த ஓட்டையை விரலால் ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

முதல் நான்கு நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. தினமும் காலையில் பிடியைத் திறந்து, காய்ந்த மரக் கரண்டியால் கிண்டிவிட்டு மூடினேன். திறக்கும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மதியம் கொல்லைப்பக்கம் போன அத்தை கத்தினார். போய்ப் பார்த்தால் டிரம் திறந்திருக்கிறது, பக்கத்தில் சின்ன மாமா. கையில் டம்ளர். மீசையில் திராட்சைத் தோல்.

"ஏலே, என்னடா பண்ற?" என்று மாமா பட்டறையில் இருந்து எழுந்து வந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. வீட்டுல வெஞ்சனத்துல காரம் கூடிப்போச்சு. தண்ணி குடிக்கலாம்னு வந்தேன். டிரம்மப் பாத்ததும் தண்ணின்னு நெனச்சுட்டேன்."

"தண்ணியிலதான் கோதும மெதக்குமா?"

"அதான்ணே நானும் யோசிச்சேன். ரெண்டாவது டம்ளர்லதான் சந்தேகமே வந்துச்சு."

நாத்தனார் சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை. பட்டறைக்குள் போனார். ஒரு மாங்காய்ப் பூட்டோடு வந்தார். பிடியை மடக்கி, அந்த ஓட்டையில் பூட்டை மாட்டி அழுத்தினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

"இனிமே கல்யாணத்தன்னைக்குத்தான் தொறக்கணும்" என்று அத்தையிடம் சொன்னார்.

பூட்டுச் செய்கிற ஒருவருக்கு அது இயல்பாகத் தோன்றுகிற யோசனைதான். வேறு ஊராக இருந்தால் மூடிமேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருப்பார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, தினமும் கிண்டிவிட வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை மாமாவிடம் சொன்னார். "கிண்டணுமாம்ல."

"காத்துப் படக் கூடாதுன்னு சொன்னதும் அதே வாய்தான? தொறந்து தொறந்து பாத்தா காத்துப் படாம எப்படி இருக்கும்?"

நான் சொன்னதையே எனக்குத் திருப்பித் தந்தார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால், நான் சொன்னது தப்பாக இருக்கலாம், எனக்கு நிச்சயமாகத் தெரியாது, நான் தனியாக ஒயின் போட்டதே இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்பாகிட்ட நான் சொல்றேன்" என்றார். அவர் அப்பாவிடம் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த முறையும் கேட்கவில்லை.

அடுத்த நாள் மூடி கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது. தட்டினால் டங்கென்றது. அதற்கடுத்த நாள் டிரம்மின் வயிறு பக்கவாட்டில் தள்ளியிருந்தது. எதிர்வீட்டு அக்கா நெருப்புப்பெட்டி கேட்டு வந்தவர், சுற்றி வந்து பார்த்துவிட்டு அத்தையிடம் சொன்னார்.

"என்னக்கா, மருமகளுக்கு முந்தி டிரம்மு மாசமாயிருச்சு?"

அத்தை சிரித்தார். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு பாத்திரம் கூடுதலாக விளக்கினேன்.

பூட்டுப் போட்ட மூன்றாம் நாள் மதியம் அத்தையும் நாத்தனாரும் கல்யாணச் சேலை பார்க்கச் சின்னாளப்பட்டிக்குப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கம்பெனியில். நான் கொல்லைப்பக்கம் போனபோது டிரம் நின்ற இடத்தில் இல்லை. ஒரு சாண் நகர்ந்திருந்தது. அடிப்பாகமும் உப்பி உருண்டையாகிவிட்டதால் நிற்க முடியாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ரப்பர் ஓரத்தில் இருந்து மெல்லிய சத்தம் வந்தது. கெட்டிலில் வெந்நீர் கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அது மாதிரி.

வடமதுரை அத்தையின் கடிகாரம் கட்டிய கை நினைவுக்கு வந்தது. இது வெடித்தால் மறுபடி போட நாள் இல்லை. போட முடியாது என்று சொல்லியனுப்பினால், போடுவேன் என்று சொன்னவள் யார் என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் போகட்டும். பெண் வீட்டு வார்த்தை என்றுதான் சொல்வார்கள். நாத்தனாருக்கு முதல் இடம் நின்றதும் இதைவிடச் சின்ன விஷயத்தில்.

பட்டறை வாசலுக்குப் போனேன். மாமா ஒரு சாவியை இடுக்கியில் வைத்து அரம் போட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல நிலையைத் தட்டினேன். அரத்தின் சத்தத்தில் கேட்கவில்லை. வளையலை ஆட்டினேன். அதுவும் கேட்கவில்லை.

"மாமா" என்றேன்.

அரம் நின்றது. அவர் நிமிர்ந்து என் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் இல்லை.

"சாவி வேணும் மாமா. டிரம்மு வீங்கிருச்சு. காத்துப் படாம மூடச் சொன்னது தப்பு. எனக்கு ஒயின் போடத் தெரியாது. எங்கம்மா போடும்போது பாத்திருக்கேன், அம்புட்டுதான்."

இவ்வளவும் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"செத்த பொறு" என்றார்.

அந்தச் சாவிக்கு இன்னும் நாலு இழுப்பு அரம் போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

டிரம்மைப் பார்த்ததும் அவர் நடை வேகமானது. அரைஞாணில் இருந்து சாவியை அவிழ்த்துப் பூட்டில் போட்டுத் திருப்பினார். சாவி திரும்பியது. ஆனால் பூட்டின் வளைவு வெளியே வரவில்லை. உள்ளே இருந்த அழுத்தத்தில் மூடி மேலே தள்ள, வளையம் இழுக்க, பிடி பூட்டைக் கவ்விக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று முறை பிடித்து இழுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். கூப்பிட ஆள் இல்லை.

"மேல ஏறி உக்காரு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மூடி மேல உக்காரு. கனம் விழுந்தா பிடி தளரும்."

மாமனார் முன்னால் நாற்காலியில்கூட உட்காராதவள் நான். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, துணி துவைக்கிற கல்லில் கால் வைத்து டிரம் மேல் ஏறி உட்கார்ந்தேன். எனக்குக் கீழே அது ஆடியது. கால் தரையில் படவில்லை. மாமா கீழே குந்தி உட்கார்ந்து பூட்டோடு மல்லுக்கட்டினார். அவருடைய உச்சந்தலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுவில் முடி இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சின்ன மாமா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். டிரம் மேல் நான், கீழே மாமா. சின்ன மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, நான் அப்புறமா வாரேன்."

"எங்கடா போற? ரம்பத்த எடுத்துட்டு வா."

"எதுக்குண்ணே?"

"பூட்ட அறுக்க."

"உன் பூட்டயா?"

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. தன் பூட்டை இதுவரை யாரும் அறுத்தது இல்லை என்று மாமா சொல்வார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, ஆனால் இதைச் சொல்வார். வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். மாமா கையை நீட்டினார். சின்ன மாமா ஓடிப்போய் இரும்பு அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். என்னை இறங்கிச் சுவரோரம் போய் நிற்கச் சொன்னார்கள்.

அறுபட வெகுநேரம் ஆனது. நல்ல பூட்டு. பாதி வழியில் ஒரு பிளேடு ஒடிந்து வேறு பிளேடு மாட்டினார். நெற்றியில் இருந்து வேர்வை மூக்கு வழியாகப் பூட்டின்மேல் சொட்டியது. சின்ன மாமா தள்ளி நின்று, "வலுவாத்தான்ணே செஞ்சிருக்க" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா தெரியாது.

அறுபட்டதும் பிடி தானாக விரிந்தது. வளையம் தெறித்தது. மூடி மேலே போய்த் தாழ்வாரத்து ஓட்டில் மோதி இரண்டு ஓடு உடைந்து விழுந்தது. அதன் பின்னாலேயே ஒயின் வந்தது. நுரையும் தோலும் விதையுமாக ஆள் உயரத்துக்கு எழும்பி மாமாவின் மேல் விழுந்தது. வெள்ளை பனியன். தலையில் இருந்து கால் வரை ஊதா. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காதில் ஒரு கிராம்பு ஒட்டியிருந்தது.

சின்ன மாமா பக்கத்தில் போய், அண்ணன் தோளை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கெட்டுப் போகலண்ணே."

மாமா உதட்டை நக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அடுத்து என்ன செய்யணும்?" என்றார்.

"துணி கட்டணும் மாமா" என்றேன்.

பாதிதான் மிஞ்சியிருந்தது. அத்தையின் பழைய நூல் சேலையை நாலாக மடித்து வாயில் கட்டினேன். மாமா அறுந்த பூட்டை எடுத்துப் பட்டறைக்குள் கொண்டுபோனார். அதை என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை. அத்தையும் நாத்தனாரும் சேலையோடு வந்து, உடைந்த ஓடுகளையும் ஊதாச் சுவரையும் பார்த்து முதலில் அழுதார்கள். என்ன நடந்தது என்று அத்தை கேட்டதற்கு, "மூடி இறுகிப்போச்சு" என்று மட்டும் மாமா சொன்னார். எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சின்ன மாமாவும் நான் டிரம் மேல் உட்கார்ந்திருந்ததைத்தான் தெருவெல்லாம் சொன்னார். மற்றது அவருக்குத் தெரியாது.

பிறகு வந்த நாட்களில் மாமா தினமும் காலையில் கொல்லைப்பக்கம் வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். நேராக என்னிடம்தான். நான் ஒரு கரண்டி எடுத்துக் கொடுப்பேன். இருவரும் குடித்துப் பார்ப்போம். முதல் வாரம் உறைப்பாக இருந்தது. பொங்கலுக்கு முன்பு வடிகட்டியபோது புளிப்புத் தூக்கலாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சீனி. இன்னும் கொஞ்சம் சீனி போட்டேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அது மறுபடி நுரைக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. துணிக்கு மேல் காதை வைத்தால் உள்ளே பொரிகிற சத்தம் கேட்டது. இது ஒயின் இல்லை என்று எனக்கே தெரிந்தது. என்ன என்றும் தெரியவில்லை.

கல்யாணத்தன்று மந்திரிப்பு முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். பந்தலில் முதல் டம்ளரைப் பெண்ணும் மாப்பிள்ளையும் குடித்தார்கள். மாப்பிள்ளைக்கு மூக்கில் ஏறிவிட்டது, இருமினார். அடுத்த டம்ளரை நான்தான் வடமதுரை அத்தையிடம் கொண்டுபோனேன். வேறு யாரும் கொண்டுபோக முன்வரவில்லை. அவர் டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். விளிம்பில் வெள்ளையாக நுரை நின்றது.

"என்ன இது? ஒயினா, பீரா?"

எங்கள் அத்தை ஜாக்கெட்டுக்குள் இருந்த ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டார்.

"ரெண்டும்தான் சம்மந்தியம்மா" என்றார் சின்ன மாமா. "ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா."

யாரோ சிரித்தார்கள். வடமதுரை அத்தை சிரிக்கவில்லை. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார்.

"நீதான அன்னைக்குப் போடுவேன்னு சொன்னது?"

"ஆமா."

"தெரிஞ்சுதான் போட்டியா?"

பட்டறை வாசலில் மாமா நின்றிருந்தார். ஒருமுறை சொல்லிப் பழகிவிட்டதால் இரண்டாம் முறை சுலபமாக இருந்தது.

"இல்லம்மா. தெரியாமத்தான் போட்டேன்."

அவர் டம்ளரில் மீதி இருந்ததையும் குடித்து முடித்தார். கடிகாரக் கையால் வாயைத் துடைத்தார்.

"எங்கப்பா போட்டதும் ஒண்ணும் அம்புட்டு ஒசத்தி இல்ல. நான்தான் வெளிய சொல்றதில்ல" என்றார். டம்ளரை நீட்டினார். "அரை டம்ளர் ஊத்து. நுரை வேணாம், கீழ இருக்கிறதா பாத்து ஊத்து."

மற்றவர்களும் குடித்தார்கள். இருநூறு பேருக்குச் சரியாக வந்தது. ஆளுக்குக் கொஞ்சம்தான். சின்ன மாமாவுக்குக் கடைசியில் இல்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் பங்கை முன்பே குடித்துவிட்டார் என்று அத்தை சொன்னார். சாயங்காலம் நாத்தனார் வடமதுரைக்குக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலை தண்ணீர் லாரி வந்தது. டிரம்மை இரண்டு முறை கழுவி வாசலில் வைத்தேன். அடி உப்பியிருந்ததால் நிற்காமல் ஆடியது. மாமா இரண்டு செங்கல் கொண்டுவந்து இரு பக்கமும் அண்டக் கொடுத்தார். ஏழு குடம் பிடித்தது.